சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோயின் ஸ்டெம் செல்கள் பட்டினி கிடக்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்து, நான்கு முறை கீமோ கொடுத்த பிறகு இரைப்பையின் பெரும்பகுதியை அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். இன்னும் நான்கு முறை கீமோ பாக்கி இருக்கிறது. இதற்கிடையில் சித்தப்பா ஒரு காணொளியை அனுப்பினார். ‘கீமோ சாதாரணப் புற்றணுக்களை மட்டுமே கொல்லும்; ஸ்டெம் செல்கள் தப்பித்து மறுபடி வளரும்; அவை சர்க்கரையைத் தின்றே வாழ்கின்றன; பெட் ஸ்கேனில் கட்டி ஒளிர்வதே அதற்குச் சாட்சி; சர்க்கரை டப்பாவை மூடிவிட்டால் எறும்பு தானாகப் போய்விடும்’ என்று அதில் ஒருவர் பேசுகிறார். அதைப் பார்த்ததிலிருந்து, ஒரு மாதமாக, அப்பா சோறு, இட்லி, பழம் எதையும் தொடுவதில்லை. அதில் சொன்ன, சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையையும் அதிக அளவு வைட்டமின்களையும் வாங்கித் தரச் சொல்கிறார். அவருக்குச் சர்க்கரை நோய் கிடையாது. 61 கிலோ இருந்தவர் இப்போது 52 கிலோ. இது அறிவியலா, கட்டுக்கதையா? அப்பாவிடம் நான் என்ன சொல்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பின்னால் வரட்டும். உங்கள் அப்பா இன்றே சோறும் இட்லியும் சாப்பிடத் தொடங்க வேண்டும். 61 கிலோவில் 9 கிலோ என்பது உடல் எடையில் ஏறக்குறைய 15 சதவீதம். இரைப்பை அறுவைக்குப் பின் எல்லோருக்கும் எடை குறையத்தான் செய்யும் என்றாலும், இவ்வளவு இழப்போடு அடுத்த நான்கு சுற்று கீமோவுக்குள் நுழைவது நல்லதல்ல. அறுவைக்கு முன் நான்கு, பின் நான்கு என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அவருக்குத் தரப்படுவது டோசிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின், லியூகோவோரின், 5-ஃப்ளூரோயூராசில் ஆகியவை சேர்ந்த கூட்டு மருந்தாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் நடந்து 2019இல் வெளியான பெரிய ஆய்வுதான் இந்தக் கூட்டை நிலைநிறுத்தியது. அதிலேயே எட்டுச் சுற்றுகளையும் முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. நின்றுபோனவர்களில் பெரும்பாலோர் நின்றது அறுவைக்குப் பிந்தைய கட்டத்தில். ஆகவே உங்கள் அப்பாவின் இப்போதைய எடை, மீதமுள்ள சிகிச்சையை அவரால் முழுமையாகப் பெற முடியுமா என்பதோடு நேரடியாகத் தொடர்புடையது.

இனி காணொளிக்கு வருகிறேன். அதை முழுக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. அதன் முதல் பாதி உண்மையான ஆராய்ச்சியிலிருந்து எடுக்கப்பட்டது. அதிலிருந்து அவர் வந்தடைந்த முடிவுதான் தவறு.

ஒரு கட்டியில் இருக்கும் எல்லா அணுக்களும் ஒரே திறன் உடையவை அல்ல என்பதை, கனடாவின் டொரண்டோ நகரில் ஜான் டிக் தலைமையிலான குழு 1994இல் இரத்தப் புற்றுநோயில் காட்டியது. நோயாளியிடமிருந்து எடுத்த அணுக்களை வகைவகையாகப் பிரித்து, நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றிய எலிகளுக்குள் செலுத்தியபோது, ஒரு சிறு வகையினால் மட்டுமே நோயை மறுபடி உருவாக்க முடிந்தது. அப்படிப்பட்ட அணுக்களையே புற்றுநோய் ஸ்டெம் செல்கள் என்கிறோம். தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்வதும், கட்டியின் மற்ற அணுக்களைப் பிறப்பிப்பதும் அவற்றின் இயல்பு. இரைப்பைப் புற்றுநோயில் இத்தகைய அணுக்களை, அவற்றின் மேற்பரப்பில் உள்ள சிடி44 என்னும் புரதத்தைக் கொண்டு இனங்காணலாம் என்று அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டிமோதி வாங் குழுவினர் 2009இல் வெளியிட்டனர். இந்த அணுக்களில் பல மெதுவாகப் பிரிபவை. வேகமாகப் பிரியும் அணுக்களைக் குறிவைக்கும் மருந்துகளிலிருந்து சில தப்புவதற்கு அதுவும் ஒரு காரணம். இதுவரை காணொளிக்காரர் சொன்னதில் பெரிய பிழை இல்லை.

‘சர்க்கரை’ என்ற பகுதிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1920களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க், புற்றணுக்கள் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் குளுக்கோஸை முழுமையாக எரிக்காமல், பாதியில் லாக்டிக் அமிலமாக மாற்றி வெளியேற்றுவதைக் கண்டார். முழுமையாக எரித்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏடிபி ஆற்றல் அலகுகள் கிடைக்கும். இப்படிப் பாதியில் விட்டால் இரண்டே இரண்டு. இவ்வளவு விரயமாகச் செலவிடுவதால் அந்த அணுக்களுக்கு நிறைய குளுக்கோஸ் தேவைப்படுகிறது. பெட் ஸ்கேன் அதைத்தான் படம் பிடிக்கிறது. ஆனால் வார்பர்க் இதற்குச் சொன்ன காரணம், அதாவது புற்றணுவின் மைட்டோகாண்ட்ரியா (அணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் உறுப்பு) பழுதடைந்துவிட்டது என்பது, பெரும்பாலான புற்றுநோய்களில் சரியல்ல என்று பின்னாளில் தெரிந்தது. மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே இயங்குகிறது. அணு இரண்டு வழிகளையும் கையில் வைத்துக்கொண்டிருக்கிறது.

பெட் ஸ்கேனைச் சாட்சிக்கு அழைத்தவர் இரைப்பைப் புற்றுநோயின் படங்களை அதிகம் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இந்த நோயில் முத்திரை மோதிர அணு வகை, பரவல் வகை என்று சொல்லப்படும் கட்டிகள் பெட் ஸ்கேனில் பல நேரங்களில் சரியாக ஒளிர்வதே இல்லை. குளுக்கோஸை உள்ளே இழுக்கும் வாயிற்புரதம் அவற்றில் குறைவாக இருப்பது அதற்கு ஒரு காரணம். சர்க்கரையைக் குறைவாக எடுக்கும் அந்த வகை மென்மையானது என்று எண்ணிவிடாதீர்கள். வயிற்று உள்ளுறையில் பரவும் போக்கு அதற்குத்தான் அதிகம். ஒளிர்வதே உயிர்நாடி என்றால் இது நடக்கவே கூடாது.

ஸ்டெம் செல்கள் எதைத் தின்று வாழ்கின்றன என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது என்பதுதான் கடந்த பல ஆண்டுகளாக இத்துறையில் வெளிவந்த முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் தெரிவது. சில சூழல்களில் அவை குளுக்கோஸை வார்பர்க் சொன்ன வழியில் செலவிடுகின்றன. சில சூழல்களில் மைட்டோகாண்ட்ரியாவைக் கொண்டு சிக்கனமாக வாழ்கின்றன. குளுட்டமின் என்னும் அமினோ அமிலத்தையும் பயன்படுத்துகின்றன. கொழுப்பையும் எரிக்கின்றன. சீன ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஒரு வேலை இங்கே கவனிக்கத்தக்கது: கட்டியைச் சூழ்ந்திருக்கும் துணைத் திசு அணுக்கள் விடுக்கும் சமிக்ஞையால் இரைப்பைப் புற்றணுக்கள் கொழுப்பமிலங்களை எரிக்கும் வழிக்கு மாறுகின்றன; அப்படி மாறியவை ஸ்டெம் செல் தன்மையைக் கூடுதலாகப் பெறுவதோடு, உங்கள் அப்பா பெறும் 5-ஃப்ளூரோயூராசில், ஆக்சாலிபிளாட்டின் ஆகிய மருந்துகளையே தாங்கி நிற்கின்றன. ஆய்வகத்தில் அந்தக் கொழுப்பெரிப்பைத் தடுத்தபோது மருந்துகள் மறுபடி வேலை செய்தன. இதை வைத்து ‘கொழுப்பை நிறுத்துங்கள்’ என்று நாளை இன்னொருவர் காணொளி போடக்கூடும்; அதுவும் இதே தவறுதான். நான் சுட்ட விரும்புவது, சர்க்கரையை மூடிவிட்டு நெய்யும் தேங்காயெண்ணெயுமாகச் சாப்பிடச் சொல்லும் உணவுமுறைக்கு, இந்த அணுக்களின் இயல்பு ஆதரவாக இல்லை என்பதைத்தான்.

இந்த அணுக்களின் வளர்சிதை மாற்றத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது அவற்றின் தற்காப்பு. எரிபொருள்கூட அதற்குப் பிறகுதான். கீமோ மருந்துகள் பலவும், கதிர்வீச்சும், அணுவுக்குள் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பெருக்குகின்றன. மரபுப்பொருளும் சவ்வுகளும் சிதைந்து அணு மடிவதில் அவற்றுக்குப் பங்குண்டு. அந்த மூலக்கூறுகளை அடக்கும் பொருள்களில் தலையாயது குளுட்டாதயோன். அதைச் செய்வதற்குச் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் தேவை; அணு அதைப் பெரும்பாலும் வெளியிலிருந்து, இரண்டு சிஸ்டீன்கள் இணைந்த சிஸ்டின் வடிவத்தில், எக்ஸ்சிடி என்ற வாயில் வழியாக உள்ளே கொண்டுவருகிறது. டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஹிதேயுகி சாயா குழுவினர் 2011இல் கண்டறிந்தது இதுதான்: இரைப்பைப் புற்றுநோயின் ஸ்டெம் செல் போன்ற அணுக்களில் காணப்படும் சிடி44 புரதத்தின் ஒரு மாற்று வடிவம், இந்த எக்ஸ்சிடி வாயிலைச் சவ்வில் நிலையாகப் பிடித்து வைத்திருக்கிறது. வாயில் நிலைத்திருப்பதால் சிஸ்டின் தடையின்றி வருகிறது, குளுட்டாதயோன் நிறைகிறது, மருந்து எழுப்பும் வினைமிகு ஆக்சிஜன் அடங்கிப்போகிறது. ஸ்டெம் செல்லை அடையாளம் காட்டும் ஒரு முத்திரை என்று மட்டும் கருதப்பட்டுவந்த புரதம், அந்த அணுவின் உயிரைக் காக்கும் வேலையையே செய்துகொண்டிருந்தது.

இந்த வாயிலை அடைக்கும் மருந்து ஒன்று ஏற்கெனவே மருந்துக் கடைகளில் இருந்தது என்பது ஒரு நற்செய்தியாகத் தோன்றியது. குடற்புண் அழற்சிக்கும் மூட்டு வாதத்துக்கும் நெடுங்காலமாகத் தரப்படும் சல்ஃபாசலாசின்தான் அது. ஜப்பானில், முற்றிய இரைப்பைப் புற்றுநோய் உள்ள ஒரு சிறு குழுவினரிடம் இதைச் சோதித்து 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூட்டு வாதத்துக்கு நாளொன்றுக்கு 2 அல்லது 3 கிராம் தருவது வழக்கம். இங்கே 8 கிராமிலிருந்து தொடங்கி 12 கிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். மேல் அளவில் பசியின்மையும் குமட்டலும் தாங்க முடியாதவையாக இருந்தன. சிலருடைய பயாப்சியில் அந்தக் குறிப்பிட்ட அணுக்கள் குறைந்திருந்தது உண்மை. ஆனால் அது மருந்தின் அளவையும் பாதுகாப்பையும் பார்ப்பதற்கான முதற்கட்டச் சோதனை. நோயாளிகளின் ஆயுள் கூடியது என்று அது காட்டவில்லை. எனவே சல்ஃபாசலாசின் இன்றும் இரைப்பைப் புற்றுநோய்க்கான மருந்து அல்ல. இதைப் படித்துவிட்டு யாரும் கடைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஸ்டெம் செல் என்பது மாறாத ஒரு சாதி அல்ல. பெருங்குடல் புற்றுநோயில் 2017இல் வெளியான ஆய்வுகளில், எலிகளின் கட்டிகளிலிருந்து ஸ்டெம் செல்களை மட்டும் தேர்ந்து அழித்தார்கள். அழிப்பதை நிறுத்தியதும், மிச்சமிருந்த சாதாரணப் புற்றணுக்களிலிருந்தே புதிய ஸ்டெம் செல்கள் தோன்றின. கட்டி மறுபடி வளர்ந்தது. ஆகவே ‘கீமோ கிளைகளைத்தான் வெட்டும், வேரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்கிற பேச்சு, கேட்க நன்றாக இருந்தாலும், கட்டியின் நடப்புக்குப் பொருந்தாது. இரண்டு வகை அணுக்களையும் ஒருசேரக் குறைத்தாக வேண்டும். கட்டி இருந்த பகுதியை முழுதாக வெட்டியெடுத்த அறுவை சிகிச்சை அதைத்தான் செய்தது, ஸ்டெம் செல்களையும் சேர்த்தே எடுத்தது.

சரி, சோற்றை நிறுத்தினால் உடலில் என்ன நடக்கிறது? இரத்தத்தில் குளுக்கோஸ் இல்லாமல் போவதில்லை. மூளைக்கும் இரத்தச் சிவப்பணுக்களுக்கும் அது தேவை என்பதால், உடல் எப்பாடுபட்டாவது அதன் அளவைக் காக்கும். கல்லீரலின் சேமிப்பு ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்த பிறகு, தசைப் புரதத்தை உடைத்து, அந்த அமினோ அமிலங்களிலிருந்து கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கிறது. கட்டி வெளியேற்றும் லாக்டிக் அமிலத்தையும்கூட, அதிலிருந்து கட்டி பெற்ற ஆற்றலைப் போல மூன்று மடங்கைச் செலவிட்டு, மறுபடி குளுக்கோஸாக்குகிறது. எஞ்சியிருக்கும் புற்றணு ஏதேனும் இருந்தால், அதற்குரிய பங்கு அதற்குப் போய்ச் சேரும். உங்கள் அப்பாவின் தொடையும் தோளும் மெலியும். காணொளிக்காரரின் எறும்பு உவமை இங்கேதான் உடைகிறது: டப்பாவை மூடினாலும் உள்ளே சர்க்கரை தயாராகிக்கொண்டே இருக்கிறது, அதுவும் வீட்டுச் சுவரைக் கரைத்து.

சர்க்கரை விஷயத்தில் உங்கள் அப்பாவுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு; அதன் காரணம் வேறு. இரைப்பையின் பெரும்பகுதி போன பிறகு, உணவு தேங்கி நிற்க இடமில்லாமல் சிறுகுடலுக்குள் சட்டென்று இறங்கிவிடுகிறது. வெல்லப் பாகு, இனிப்புப் பலகாரம், பழச்சாறு, சர்க்கரை கரைத்த காபி போன்றவற்றை ஒரேயடியாக எடுத்துக்கொண்டால், அரைமணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு, வயிற்றுப்போக்கு வரலாம். அல்லது ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை தாழ்ந்து தலைசுற்றலும் நடுக்கமும் வரலாம். இதைத் தவிர்க்கத்தான் செறிவான இனிப்பைக் குறைக்கச் சொல்கிறோம். சோறு, இட்லி, இடியாப்பம், வாழைப்பழம் இவற்றுக்கு இந்தத் தடை இல்லை. சிறு அளவில், பருப்பு, முட்டை, மீன், தயிர் ஏதாவது ஒன்றோடு சேர்த்து, நாளைக்கு ஆறு முறை கொடுங்கள். தண்ணீர், மோர், ரசம் ஆகியவற்றைச் சாப்பாட்டோடு கலக்காமல் அரைமணி நேரம் தள்ளித் தாருங்கள். புற்றுநோயாளிகளுக்கான ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டுதல், எடையில் ஒரு கிலோவுக்கு 25 முதல் 30 கலோரியும், ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதமும் வேண்டும் என்கிறது. 52 கிலோ எடைக்கு இது சுமார் 1,300 முதல் 1,560 கலோரி. புரதம் 52 கிராமுக்குக் குறையாமல், 78 கிராம் வரை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொண்டால், அவர் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார் என்பது உங்களுக்கே தெரியும். சிகிச்சை பெறும் இடத்தில் உணவியல் நிபுணர் இருந்தால் இந்த வாரமே பாருங்கள். பி12, இரும்புச்சத்து அளவுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். இரைப்பை அறுவைக்குப் பின் இரண்டும் குறைவது வழக்கம், பி12 பெரும்பாலும் ஊசியாகத் தேவைப்படும்.

மெட்ஃபார்மின் வேண்டாம். அது மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் தயாரிப்பைச் சற்றே தடுப்பது உண்மை. அதனால்தான் ஸ்டெம் செல் ஆய்வாளர்களுக்கு அதன்மேல் ஆசை வந்தது. ஆனால் சர்க்கரை நோய் இல்லாத, 3,649 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நடத்தி 2022இல் வெளியான சோதனையில், அறுவைக்குப் பின் மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் நோய் திரும்புவதில் வேறுபாடு தெரியவில்லை. மைட்டோகாண்ட்ரியாவை இன்னும் கடுமையாகத் தடுக்கும் ஒரு புதிய மருந்தைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறியது, நரம்புகள் பாதிக்கப்பட்டன; அதன் முதற்கட்டச் சோதனைகளை நிறுத்த நேர்ந்தது என்று 2023இல் எழுதினார்கள். நம் நல்ல அணுக்களும் அதே மைட்டோகாண்ட்ரியாவைக் கொண்டுதானே வாழ்கின்றன! உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை மெட்ஃபார்மின் செய்யக்கூடியது பசியைக் குறைப்பதும் வயிற்றைப் போகச் செய்வதும்தான்.

அதிக அளவு வைட்டமின் சி, ஈ போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகள் விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பாக இருப்பேன். மேலே சொன்ன குளுட்டாதயோன் கதையை மறுபடி எண்ணிப் பாருங்கள். வினைமிகு ஆக்சிஜனை அடக்குவதுதான் அந்த அணுக்களின் பிழைப்பு வழி. அதே வேலையைச் செய்யும் பொருளை நாம் வெளியிலிருந்து ஏன் ஊட்ட வேண்டும்? ஸ்வீடனில் எலிகளிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், வைட்டமின் ஈயும், குளுட்டாதயோனுக்கு மூலப்பொருள் தரும் அசிட்டைல்சிஸ்டீனும் நுரையீரல் கட்டிகளின் வளர்ச்சியை விரைவுபடுத்தின. எலியில் நடந்தது மனிதரிலும் அப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் நன்மை நிறுவப்படாத, தீமைக்கு வாய்ப்புள்ள ஒன்றைக் கீமோ நடக்கும் காலத்தில் சேர்ப்பதற்கு நியாயம் இல்லை. கீரையும் நெல்லிக்காயும் கொய்யாவும் உணவாகச் சாப்பிடுவதற்கு இது பொருந்தாது. மருத்துவர் குறைபாட்டைக் கண்டு எழுதித் தரும் சத்து மருந்துகளுக்கும் பொருந்தாது.

அப்பாவிடம் பேசும்போது காணொளியைப் பொய் என்று தொடங்காதீர்கள். நோய் திரும்பிவிடுமோ என்ற பயத்தில், தன்னால் செய்ய முடிந்த ஒன்றைச் செய்கிறார். சித்தப்பாவும் அக்கறையில்தான் அனுப்பியிருக்கிறார். ‘ஸ்டெம் செல் இருப்பது உண்மைதான் அப்பா, ஆனால் அது சோறு இல்லாவிட்டால் கொழுப்பிலும் உங்கள் தசையிலும் வாழப் பழகியது, நீங்கள்தான் பழகவில்லை’ என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த கீமோவுக்கு முன் எடை என்ன ஆக வேண்டும் என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டு, அந்த எண்ணை அவரிடமே கொடுங்கள். தானே ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பவருக்கு அது ஒரு வேலையாக இருக்கும். கீமோவோடு தரப்படும் டெக்சாமெத்தசோன் மருந்தால் ஓரிரு நாள் இரத்தச் சர்க்கரை ஏறலாம். வீட்டில் அளந்துபார்த்துப் பயந்து மறுபடி பட்டினியைத் தொடங்க வேண்டாம். அளவை மருத்துவரிடம் காட்டினால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரைப்பைப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் தொடக்கமாக அமைவது ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா. அதைக் கண்டுபிடித்த பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தப் பாக்டீரியா இரைப்பை அணுவுக்குள் காக்ஏ என்ற புரதத்தைச் செலுத்துகிறது. சாதாரண அணுவில் வினைமிகு ஆக்சிஜன் பெருகி, அதன் தூண்டுதலால் அணு அந்தப் புரதத்தைச் செரித்து அழித்துவிடுகிறது. ஆனால் சிடி44 மாற்று வடிவம் கொண்ட அணுக்களில் குளுட்டாதயோன் நிறைந்திருப்பதால் அந்தத் தூண்டுதலே எழுவதில்லை. காக்ஏ அழியாமல் தங்கிவிடுகிறது என்று ஜப்பானியர்கள் 2012இல் காட்டினார்கள். மருந்திலிருந்து காப்பாற்றும் அதே தற்காப்பு, நோயைத் தொடங்கும் பொருளையும் காப்பாற்றிவைக்கிறது. இந்த இடத்தில் நம்மால் இன்றே தலையிட முடியும். கொரியாவில், இரைப்பைப் புற்றுநோயாளிகளின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களில் இந்தக் கிருமி இருந்தவர்களைத் தேர்ந்து, ஒரு பிரிவினருக்குக் கிருமியை ஒழிக்கும் மருந்து கொடுத்தார்கள். 2020இல் வெளியான முடிவின்படி, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளில் மருந்து பெற்ற பிரிவில் 1.2 சதவீதம் பேருக்கும், பெறாத பிரிவில் 2.7 சதவீதம் பேருக்கும் இரைப்பைப் புற்றுநோய் வந்தது.

ஆகவே நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும், சித்தப்பாவும், இந்தக் கிருமிக்கான மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்துகொள்ளுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்கேனும், குறிப்பாக இளம் வயதில், இந்த நோய் வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், மரபணு ஆலோசனை தேவைப்படலாம். அமிலத்தைக் குறைக்கும் ஓமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்குக் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்டு, பரிசோதனைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே அவற்றை நிறுத்தியிருக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தால் நான்கு வாரம் இடைவெளி விடுங்கள்.